காவக்காரனுக்குக் கொடுத்த தண்ணீர்

மாப்ள,

பக்கத்து மனையில் விடிந்ததிலிருந்து தண்ணீருக்குப் போர் போடுகிறார்கள். கல் மாவு காற்றில் ஏறி வந்து என் காப்பித் தம்ளரில் விழுந்துவிட்டது. "குடுங்க, வேற போட்டுத் தாரேன்" என்று என் வீட்டுக்காரி, நீ தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், கையை நீட்டினாள். நான் கொடுக்காமல் மூக்குக்குப் பக்கத்தில் வைத்து மோந்து பார்த்தேன். காப்பி வாசம் அடங்கி, சூடேறிய கல்லின் வாசம்தான் மேலே நின்றது. இந்த வாசத்தில் ஒரு பகல் முழுக்க நீயும் நானும் தோளோடு தோள் நின்றிருக்கிறோம்.

தெருவே அங்கே வேடிக்கை பார்க்கப் போய்விட்டது. என் பிள்ளைகளும் போய்விட்டார்கள். நான் மட்டும் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியவன் நான். இரண்டாம் தடவை தமிழில் மார்க் குறைந்தது. இப்போது மட்டும் எங்கிருந்து தைரியம் என்று கேட்பாய். நீ இல்லை அல்லவா, பிழை கண்டுபிடிக்க ஆளில்லை. அந்தத் தைரியம்தான்.

நீ மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். நான் லேத்துப் பட்டறைக்காரன். பள்ளிக்கூடத்து இரும்புக் கேட்டின் கொண்டி உடைந்தபோது அதைக் கொண்டுவந்து நீட்டினாய். நம் பழக்கம் அப்படி ஆரம்பித்தது. வெளிநாட்டிலிருந்து வந்து பாடம் நடத்திவிட்டு ஊர் திரும்பிய ஒரு வாத்தியார், தன் அறையில் விட்டுப்போன சாமான்களில் ஓர் அட்டைப் பெட்டி இருந்தது. உள்ளே புத்தகங்களும், கோணல் மாணலான பகடைகளும். நாலு முகம், எட்டு முகம், இருபது முகம். அதைத் தூக்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் பட்டறைக்கு வந்தாய். இங்கிலீஷ் வாத்தியார் அருள் சாரையும் கையோடு இழுத்து வந்திருந்தாய். கூட்டத்துக்கு ஆள் பத்தாமல் என் மச்சினன் சேகரைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம்.

விளையாட்டு இதுதான் என்று எங்களுக்குப் புரியவே இரண்டு மூன்று வாரம் ஆனது. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேஷம் கட்டிக்கொண்டு அந்தக் கதைக்குள் நடக்க வேண்டும். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வரும்போது பகடை உருட்ட வேண்டும். கதை சொல்ல நீ. அருள் சார் வாள் வீரன். வாழ்க்கையில் ஒரு பையனைக்கூடப் பிரம்பால் தொடாத மனுசன், ஞாயிற்றுக்கிழமை ஆனால் தலைகளாக வெட்டித் தள்ளுவார். சேகர் திருடன். எனக்கு மிஞ்சியது ரேஞ்சர்.

ரேஞ்சர் என்றால் எனக்குத் தெரிந்தது பாரஸ்ட் ரேஞ்சர். காக்கிச் சட்டை, ஜீப், வாயில் ஒரு விசில். வேறு அர்த்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? முதல் மாதம் முழுக்க அப்படியே விளையாடினேன். பூதம் ஒன்று மரத்தைப் பிடுங்கிக்கொண்டு எங்கள் மேல் பாய வருகிறது என்று நீ சொன்னாய். "நில்லு. மரம் வெட்ட பெர்மிட் இருக்கா?" என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. பகடையை உருட்டிப் பார்த்துவிட்டு, "பூதம் கொஞ்சம் பயந்து போச்சு மாப்ள, பெர்மிட்டத் தேடுது" என்றாய். அருள் சார் மேசையில் தலை வைத்துச் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிறகு அவர்தான் புத்தகத்தைப் படித்து, அது சர்க்கார் உத்தியோகம் இல்லை, வனாந்தரத்தில் திரிந்து ஊரைக் காக்கிறவன் என்று விளக்கினார். "அப்ப நம்ம ஊர்க் காவக்காரன் மாதிரின்னு சொல்லுங்க" என்றாய். அன்றிலிருந்து நான் காவக்காரன்.

காவக்காரன் ஆனதும் சண்டை வந்தது. சேகர் வாய் சும்மா இருக்குமா?

"ஏண்ணே, இது ஞாயமா?" என்று உன்னிடம் ஏறினான். "மச்சான் ஒளியுறாரு, தடம் பாக்குறாரு, மருந்து போடுறாரு, ரெண்டு கையிலயும் கத்தி வீசுறாரு. இன்னும் கொஞ்ச நாள் போனா மந்திரமும் போடுவாராம்ல. அப்ப நான் எதுக்கு? டீ வாங்கிட்டு வாரதுக்கா?"

"டீயும் நீ ஒழுங்கா வாங்கிட்டு வர மாட்டியேடா" என்றேன்.

"உங்களுக்கென்ன மச்சான், வீட்லயும் நீங்கதான் ராஜா, காட்லயும் நீங்கதான் ராஜா."

வீட்டில் நான் ராஜா என்பதைக் கேட்டு உள்ளேயிருந்து அவன் அக்காளே சிரித்தாள்.

நீ இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வாரா வாரம் பட்டறைத் தகரத்தில் சாக்பீஸால் எழுதுவாய், அழிப்பாய், எழுதுவாய். ஒரு வாரம் என் இரண்டாவது கத்தி போனது. அடுத்த வாரம் மருந்து போனது. மருந்து போனால் அருள் சார் செத்துப் போகிறார் என்று தெரிந்து பாதி மருந்து திரும்ப வந்தது. தராசுத் தட்டில் வெங்காயத்தை எடுத்துப் போட்டு, போட்டு எடுக்கிறவன் மாதிரி அப்படி ஒரு பொறுமை உனக்கு. "ஒருத்தன் கையில எல்லாம் இருந்தா மத்தவனுக்கு விளையாட்டு கிடையாது மாப்ள" என்பாய். பகடை எனக்கு எதிராக விழுந்து, "இன்னொரு தடவை உருட்டிக்கிறேன்டா" என்று நான் கெஞ்சினால் கையைத் தட்டிவிடுவாய். "விழுந்தது விழுந்ததுதான்." அதில் மட்டும் உன்னிடம் தயவு தாட்சண்யம் கிடையாது.

இருபது முகப் பகடை ஒரு நாள் உருண்டு சாக்கடையில் போய்விட்டது. நான் பித்தளையில் ஒன்று கடைந்து தந்தேன். இருபது முகத்தையும் ஒரே அளவில் கடைய என் கைக்கும் வரவில்லை, என் கணக்குக்கும் வரவில்லை. எப்படி உருட்டினாலும் பெரிய எண் விழாமல் ஏழில் வந்து சாய்ந்தது. தூக்கிப் போடுவாய் என்று பார்த்தால், நீ அதைக் கையில் வைத்து உருட்டி உருட்டி ரசித்தாய். "இத நீ மட்டும் உருட்டு. காவக்காரனுக்கு இதைவிட நல்ல கடிவாளம் கிடைக்காது" என்றாய்.

புத்தகத்தில் இருந்த வனம் உனக்கு ஒத்துவரவில்லை. பனி, பைன் மரம், ஓநாய். "நாம எங்க மாப்ள பனியப் பாத்தோம்? எங்க காட்டையே போட்டுருவோம்" என்றாய். உங்கள் பக்கம் காடு என்றால் புன்செய்தானே. உசிலம்பட்டிக்கு மேற்கே உங்கள் ஊர்க் காடு அப்படியே பட்டறைத் தகரத்தில் வந்து இறங்கியது. சோளத் தட்டை, கருவேலம், வெடித்துக் கிடக்கும் கண்மாய். அங்கே பூதத்தைவிடத் தாகம்தான் ஆளைக் கொல்லும். அதனால் என்னிடமிருந்து பிடுங்கிய கத்திக்கும் பாதி மருந்துக்கும் பதிலாக ஒரு புதுத் திறமை கொடுத்தாய். காவக்காரன் தண்ணீர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பான்.

ஒரே வாரத்தில் விளையாட்டு செத்தது. நான் குனிந்து மண்ணைத் தொட்டால் தண்ணீர். அப்புறம் யாருக்கு என்ன பயம்? "இவரு பின்னாடி குடத்தத் தூக்கிட்டு நடந்தாப் போதும்ணே, நமக்கு வேற சோலியே இல்ல" என்றான் சேகர். நீ அதைப் பகடைக்கு மாற்றினாய். நான் காய்கறிக்காரியிடம் பேரம் பேசுகிற மாதிரி உன்னிடம் பேரம் பேசினேன். தண்ணீர் கிடைக்கும் வாய்ப்பை ஏற்றினால் சேகர் கத்தினான், இறக்கினால் நான் கத்தினேன். எங்கே நிறுத்தினாலும் சரியாக வரவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, எதுவும் பேசாமல் தகரத்தில் ஒரே ஒரு வரி எழுதினாய். காவக்காரனுக்குத் தண்ணீர் இல்லாத இடம் தெரியும். இருக்கும் இடம் தெரியாது.

மாப்ள, அதற்குப் பிறகு நடந்ததுதான் விளையாட்டு. நான் நடந்து நடந்து "இங்க இல்ல, இங்கயும் இல்ல" என்பேன். மிச்சம் கிடக்கிற இடத்தில் எங்கே தோண்டுவது என்று அருள் சார் யோசிப்பார். மற்றவர் கிணற்றில் இறங்கித் திருடி வரலாமா என்று சேகர் கணக்குப் போடுவான். ஒருவர் இல்லாமல் ஒருவர் பிழைக்க முடியாது. "இப்பத்தாண்ணே ஞாயம்" என்று சேகரே சொன்னான். அவன் அப்படி ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

எப்படித் தோன்றியது என்று கேட்டேன். "எங்கப்பா நடக்குறதப் பாத்துத்தான். எங்க காட்டுல தண்ணி இல்லாத இடம் பூராம் அவருக்கு அத்துப்படி" என்றாய்.

"இருக்கிற எடம்?"

"அது தெரிஞ்சா நான் ஏண்டா இங்க உக்காந்து எவன் பிள்ளைக்கோ டி.சி. எழுதிக்கிட்டு இருக்கேன்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் எனக்கு விஷயம் தெரியும். உங்கள் கிணறு நீ பள்ளிக்கூடம் முடிப்பதற்கு முன்பே வற்றிவிட்டது. அப்புறம் போட்ட போர் இரண்டும் புகைதான் கக்கின. உன் அப்பா மட்டும் இரண்டு மாடுகளோடு அங்கேயே கிடந்தார். மூன்றாவதாக ஒன்று போடுவது, தண்ணீர் வந்தால் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய் அப்பாவோடு வெள்ளாமை பார்ப்பது. இது ஒன்றுதான் உன் ஆசை. கல்யாணப் பேச்சைக்கூட அதற்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்திருந்தாய். "தண்ணி இல்லாத காட்டுக்கு எவன் மாப்ள பொண்ணு குடுப்பான்?" ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தால் உனக்கு முதுகு வலிக்கும். ஊருக்குப் போயிட்டு வாரேன் என்று பஸ் ஏறினால் அந்த வலி போய்விடும். என் பட்டறைத் தகரத்தில் நீ வரைந்ததும் அந்த ஊருக்குப் போகும் வழிதான் என்று நான் புரிந்துகொள்ளவே நாளாயிற்று. தாமதமாக எரிகிற டியூப்லைட் நான்.

மூன்றாவது போருக்கு வண்டி வருகிற அன்றைக்கு எங்களையும் ஊருக்கு வரச் சொன்னாய். அருள் சார் வெள்ளைச் சட்டையில் வந்தார். சேகர் இனிப்பு வாங்கி வந்தான். நீரோட்டம் பார்க்கிறவர் முந்தின வாரமே வந்து, உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடந்து, அது நிமிர்ந்து நின்ற இடத்தில் கல் நட்டுவிட்டுப் போயிருந்தார். எல்லாம் முடிந்த விஷயம். ஆனால் உன் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, நீங்கதான அந்தக் காவக்காரன்?"

எனக்கு விளங்கவில்லை. "நான் பட்டறை வச்சிருக்கேங்கய்யா."

"அது தெரியும். ஆட்டத்துல நீங்கதான் தண்ணி பாப்பீகளாமே, எம் மகன் சொல்லியிருக்கான். செருப்பக் கழட்டிட்டு ஒரு நட நடந்து பாருங்க."

"ஐயா, அது சும்மா வெளையாட்டுங்கய்யா. எனக்குத் தண்ணியே தெரியாது. இல்லாத இடம் மட்டுந்தான்…"

"அது போதுமே. இந்தக் கல்லு நட்ட இடத்துல நின்னு, இங்க இல்லன்னு ஒங்களுக்குத் தோணுதா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் செருப்பைக் கழற்றினேன். வெயிலில் மண் கொதித்தது. லேத்தில் நிற்கும் காலுக்கு எண்ணெய்ப் பிசுக்குத்தான் தெரியும். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கால் சுட்டது, அவ்வளவுதான். தலையைத் தூக்கிப் பார்த்தால் உன் அப்பா என் முகத்தையே பார்க்கிறார். அவருக்குப் பின்னால் நீயும் பார்க்கிறாய். கேலியாகத் தடுப்பாய் என்று எதிர்பார்த்தேன். நீ தடுக்கவில்லை. நீயும் காத்துக்கொண்டிருந்தாய், மாப்ள. அந்த விதியை எழுதிய நீயே காத்துக்கொண்டிருந்தாய்.

"எனக்கு ஒண்ணும் தோணலங்கய்யா" என்றேன். அது உண்மை. உன் அப்பா அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்.

போர் வண்டி காட்டுக்குள் இறங்கியது. முதலில் செம்மண், பிறகு சுக்காம்பாறை, பிறகு வெள்ளைப் புகை. குழாய்க்கு மேல் குழாய் இறக்கினார்கள். மதியத்துக்கு மேல் ஒரு தடவை புகை அடங்கி, குழி வாயருகே மாவு ஈரமாகத் திரண்டு வந்தது. சேகர் விசில் அடித்தான். அருள் சார் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். நீ ஓடிப்போய் அந்தச் சேற்றை அள்ளி உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்த்தாய். கண்ணாடித் தம்ளரில் பாதிகூட வராத ஈரம். அடுத்த குழாயில் அதுவும் காய்ந்து மறுபடி புகை வந்தது.

போர்க்காரர் உன் அப்பாவைப் பார்த்தார். "இதுக்கு மேல பூராம் கருங்கல்லுங்க. நிறுத்திருவமா?"

உன் அப்பா உன்னைப் பார்த்தார். "நீ சொல்லப்பா."

நீ எத்தனை சண்டையை அந்தப் பட்டறையில் ஒரே வார்த்தையில் முடித்திருக்கிறாய். அன்றைக்கும் விழுந்தது விழுந்ததுதான் என்று சொல்லுவாய் என நினைத்தேன். "இன்னும் ஒரு கொழாய் போடுங்க" என்றாய். போட்டார்கள். புகை. "இன்னும் ஒண்ணு." புகை. "ஒண்ணே ஒண்ணுண்ணே, இதான் கடைசி." போர்க்காரர் உன்னைவிடச் சின்ன வயசு. அவரை அண்ணே என்று கூப்பிட்டாய். நான் பகடைக்குக் கெஞ்சின மாதிரியே கெஞ்சினாய். கையைத் தட்டிவிட யாருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் குழாய் தீர்ந்துதான் நின்றது. நம் நாலு பேர் தலையும் நரைத்துப்போன மாதிரி வெள்ளையாக இருந்தது. சேகர் வாங்கி வந்த இனிப்பைப் பிரிக்காமலே மாட்டுக்குப் போட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வருவாய் என்று நான் நினைக்கவில்லை. வந்தாய். தகரத்தில் இருந்ததை உள்ளங்கையால் அழித்தாய். "காவக்காரன் விதிய மாத்திட்டேன்" என்றாய். "இனிமே அவன் எங்க தோண்டுனாலும் தண்ணி வரும். பகட வேண்டாம்."

அருள் சார் கண்ணாடியைத் துடைத்தார். நான் சேகரைப் பார்த்தேன். இப்போது கத்துவான், இது என்ன ஞாயம் என்பான், விளையாட்டு பிழைத்துக்கொள்ளும் என்று ஆசைப்பட்டேன். அந்தப் பயல் தலையைக் குனிந்துகொண்டு, "நல்லா இருக்குண்ணே" என்றான்.

அன்று மாலை வரை தோண்டினோம். தோண்டின இடமெல்லாம் தண்ணீர். நீ சொல்லிக்கொண்டே போனாய். கண்மாய் நிறைந்தது, மடை திறந்தது, கடலைக் காடு பச்சையாகி நெல் நட்டார்கள். அருள் சாருக்கு வெட்ட ஆளில்லை, சேகருக்குத் திருட எதுவுமில்லை. நாங்கள் மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டோம். நீ சொல்லி முடித்ததும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அதற்கு அடுத்த வாரம் அருள் சாருக்குக் கோயிலில் வேலை வந்தது. அதற்கும் அடுத்த வாரம் எனக்கே ஏதோ வேலை வந்தது. அப்படியே நின்றுபோனது.

நீ டி.சி. எழுதிக்கொண்டிருந்தாய். முதுகு வலி என்று சொல்வதையும் விட்டுவிட்டாய். ஊருக்குப் போவது குறைந்தது. பிறகு மஞ்சள் காமாலை என்றார்கள். நான் பார்க்க வந்தபோது, "என்ன மாப்ள, பெர்மிட் கேட்டு வந்தியா?" என்றாய். அதற்கு மேல் பேசத் தெம்பில்லை. ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. ஆறுதலாக ஏதாவது எழுதலாம் என்று இந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

போன மாதம் உன் அப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். மாடு இல்லை. உன் அக்காள் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. "தம்பி, அதுக்கப்புறம் ஆட்டத்துலயாச்சும் எம் மகன் தண்ணியப் பாத்தானா?" என்று கேட்டார்.

எனக்குச் சந்தோசமாகப் போய்விட்டது. கிழவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க என் கையிலும் ஒன்று இருக்கிறதே என்று. "பாத்தாங்கய்யா. எங்க தோண்டுனாலும் தண்ணி. கண்மாயெல்லாம் நெறஞ்சு, நெல்லே போட்டோம்" என்றேன்.

"எம்புட்டு ஆழத்துல?"

அதை நீ சொல்லவே இல்லை. நாங்களும் கேட்கவில்லை. நானாக, "கைய விட்டா எட்டுற ஆழந்தாங்கய்யா" என்றேன்.

அவர் தலையை மெல்ல ஆட்டினார். கோபமில்லை, வருத்தம்கூட இல்லை. தன் காட்டை ஒரு தடவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார்.

"அப்ப அது எங்க காடு இல்ல தம்பி. வேற எவன் காட்டுக்கோ போயிட்டான்."

டவுன் பஸ்ஸில் வரும்போது, வீட்டில், பட்டறையில், இப்போது இந்த ஆறிப்போன காப்பிக்குப் பக்கத்தில், அந்த ஒரு சொல்லைத்தான் வைத்துக்கொண்டு இருக்கிறேன். உன் தங்கச்சியிடம் சொல்லவில்லை. சேகரிடமும் சொல்லவில்லை, அவன் அழுதுவிடுவான். நீ இருந்தால் அவருக்கு என்ன பதில் சொல்லியிருப்பாய் என்று யோசித்துப் பார்க்கிறேன். தகரத்தை உள்ளங்கையால் அழித்துவிட்டு அந்தப் பழைய வரியையே மறுபடி எழுதியிருப்பாய் என்றுதான் தோன்றுகிறது.